டாட்சன் 240இசட்டில் டொயோட்டா பிரேக்

டாட்சன் 240இசட், நிசான் நிறுவனம் 1969-இல் அறிமுகப்படுத்திய இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் விற்ற இந்தக் கார் குடும்பத்துக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். இந்த அமைப்பு அன்றைய காருக்கும் அன்றைய டயருக்கும் ஏற்றது. எஞ்சின் சக்தியைக் கூட்டி, அகலமான டயர் மாட்டி வேகமாக ஓட்டுபவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் தேடிப்போன மருந்து, போட்டி நிறுவனத்தின் பிக்கப் வண்டியில் இருந்தது.

டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கூடுதான் காலிப்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டன்கள் பிரேக் பேடைத் தள்ளி டிஸ்க்கோடு அழுத்துகின்றன. 240இசட்டின் காலிப்பரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன். 1980-களின் டொயோட்டா 4x4 பிக்கப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு, பேடும் பெரியது. நிசானும் டொயோட்டாவும் சந்தையில் எதிரிகள் என்றாலும், இந்த இரண்டு காலிப்பர்களும் பிறந்தது சுமிடோமோ என்ற ஒரே நிறுவனத்தில். மாட்டும் போல்ட் துளைகளின் இடைவெளி இரண்டிலும் ஒன்றே. அதனால் வெல்டிங்கோ புதுத் தாங்கியோ இல்லாமல் பிக்கப் காலிப்பர் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்துவிடுகிறது. பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அது மலிவாகக் கிடைத்ததும் இந்த மாற்றம் பரவியதற்கு ஒரு காரணம்.

காலிப்பரின் வார்ப்பிலேயே குறியீடு இருக்கும். எஸ்12+8 என்பது மெல்லிய, துளையில்லாத டிஸ்க்குக்கு உரியது. 240இசட்டின் சொந்த டிஸ்க்கோடு சேரும். எஸ்12டபிள்யூ அகலமானது. அதற்கு நடுவில் காற்றுப் பாதை விட்ட தடித்த டிஸ்க் தேவை. அந்த டிஸ்க்கை 1984-ஆம் ஆண்டு நிசான் 300இசட்எக்ஸிலிருந்து எடுத்து, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் வைத்துப் பொருத்துவது வழக்கம். ஆக, ஒரு காரைச் சீர்செய்ய இரண்டு வண்டிகள் பாகம் கொடுக்கின்றன.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகரத் தூசிக் கவசம் புதிய காலிப்பருக்கு இடிக்கும். அதை வெட்டவோ கழற்றவோ வேண்டும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்கிறதா, சக்கரத்தின் உட்புறம் காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட அடிக்கடி நேரும் பிசகு, இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டுவது. போல்ட்டுகள் தடையின்றி ஏறிவிடும். ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். காற்று மேல்முனையில் தங்கும்; எத்தனை முறை பெடலை மிதித்து ஏர் எடுத்தாலும் வெளியே வருவது ஆயில் மட்டுமே, பெடல் பஞ்சுபோலவே இருக்கும்.

போல்ட் பொருந்துவதோடு வேலை முடிவதில்லை. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் எங்கும் ஒரே அளவில் பரவுகிறது. காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால், அதே அழுத்தத்தில் பேடின் பிடி கூடும். ஆனால் பிஸ்டனை நகர்த்தக் கூடுதல் ஆயில் வேண்டும், பெடலும் கூடுதலாக இறங்கும். இதற்காகவே 240இசட்டின் 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாக, அதே குடும்பத்தில் பின்னால் வந்த 280இசட்எக்ஸின் 15/16 அங்குல சிலிண்டரைப் பலர் மாட்டுகிறார்கள். விட்டத்தில் 1/16 அங்குலம்தான் வேறுபாடு என்றாலும், பரப்பு சுமார் 15 சதவீதம் கூடுகிறது. பெடல் இறங்கும் தூரம் குறையும். அதே அழுத்தத்தைப் பெறக் கால் 15 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடிகிறது.

அடுத்தது முன்பின் சமநிலை. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது. பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். எனவே முன்சக்கரங்களே முதலில் பூட்ட வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் விதி. முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது இந்த விதியை மீறாது, ஆனால் பின்பிரேக் சும்மா இருக்கும் நிலை வரலாம். அதனால் சிலர் பின்பக்கமும் 280இசட்எக்ஸின் டிஸ்க் அமைப்பை மாட்டுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பின்பிடி அளவுக்கு மீறினால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேவைப்படும். டிரம்முக்காகக் குழாயில் சிறு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருந்தால் அதை நீக்க வேண்டும். விட்டுவிட்டால் பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிச் சூடேறும்.

பெரிய பிரேக் மாட்டினால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. பழைய பிரேக்காலேயே சக்கரத்தைப் பூட்ட முடிந்தால், ஒரே ஒரு முறை நிறுத்தும்போது எல்லையைத் தீர்மானிப்பது டயர். நான்கு பிஸ்டன் காலிப்பரும் தடித்த டிஸ்க்கும் வெப்பத்தைத் தாங்குவதில்தான் தம் மதிப்பைக் காட்டுகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 240இசட்டை நிறுத்தினால் சுமார் 4 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மலையிறக்கத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும்போது மெல்லிய டிஸ்க் ஆற நேரமில்லை. பேடின் உராய்வு குறைகிறது, ஆயிலும் சூடாகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும்.

டொயோட்டா காலிப்பர் மாற்றம், பந்தயத் தடத்திலும் மலைச்சாலையிலும் ஓட்டும் காருக்குச் செலவுக்குத் தகுந்த பலன் தரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷெட்டிலிருந்து வெளியே வரும் காருக்கு நல்ல பேட், புது ரப்பர் ஹோஸ், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது ஆயில் போதும்.