வெள்ளச்சியின் கடைவாய்ப்பல்

தஞ்சைப் பக்கத்தில் மாடு பிடிக்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? சந்தைக்குள் நுழைந்ததும் கொம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், கடைசியில் தாடையைப் பிடித்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று கணக்குப் பார்த்த பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. தானமாக வந்த மாட்டை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழியே இருக்கிறதே!

இவ்வளவு பல் சாஸ்திரம் தெரிந்த ஊரில், வாசல் திண்ணையில் படுத்திருக்கும் நாயின் உதட்டை எத்தனை பேர் தூக்கிப் பார்த்திருக்கிறோம்? "நாய்க்குப் பல் வைத்தியமா! நல்ல வேடிக்கைதான்" என்று சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவள்தான். வெள்ளச்சியின் கதையைக் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளச்சி, தஞ்சாவூர் தெற்கு வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு நாய். உயர்ந்த ஜாதி ஒன்றும் இல்லை. திருவையாற்றுப் பக்கம் ஒரு களத்து மேட்டில் பிறந்த நாட்டு நாய். வயது ஐந்து. இனிமேல் குட்டி வேண்டாம் என்று கருத்தடை ஆபரேஷனுக்காக அவளை ஒரு பிராணி வைத்தியரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அரை மணி நேரத்தில் வீட்டில் டெலிபோன் மணி அடித்தது.

"அம்மா, பயப்படாதீர்கள். வெள்ளச்சி நன்றாக இருக்கிறாள். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக் குழாய் வைக்க வாயைத் திறந்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. மேல்வரிசையில் இடது பக்கத்துப் பெரிய கடைவாய்ப்பல் பிளந்திருக்கிறது. கீழே ஒரு சின்னப் பல்லைக் காணோம். முன்பற்கள் தேய்ந்து நடுவில் பழுப்புப் பொட்டு விழுந்திருக்கிறது. இவற்றை என்ன செய்யலாம் என்று உங்களைக் கேட்காமல் நான் கை வைக்கக் கூடாது" என்றார் அந்த டாக்டரம்மாள்.

வீட்டில் ஒரே அமர்க்களம். "எடுத்துவிடச் சொல்லுங்கள் அம்மா" என்றான் காலேஜில் படிக்கும் பிள்ளை. "எத்தனை செலவோ!" என்று கையைப் பிசைந்தார் அவன் அப்பா. ஊஞ்சலில் இருந்த பாட்டி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "தட்டிலே வைத்ததை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். அவளுக்கு என்ன பல் வலி? சும்மா விடச் சொல்லு."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பாட்டி சொன்னதைத்தான் நம்மில் பலரும் சொல்லுவோம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பல் வலி வந்தால் மனிதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். கஞ்சி கூட வேண்டாம் என்பான். நாய் அப்படியல்ல. வலியை மறைத்துக்கொண்டு சாப்பிடுவது அதன் பிறவிக் குணம். வலிக்கிற பக்கத்தை விட்டு மறுபக்கத்தால் மெல்லும்; மெல்லாமலே விழுங்கும். பசி, வலியை விடப் பெரிது. ஆகவே, "நன்றாகச் சாப்பிடுகிறது" என்பது அதன் வயிற்றைப் பற்றிய செய்தி. பல்லைப் பற்றிய செய்தி அல்ல.

நாயின் வாயில் எத்தனை பல் தெரியுமா? குட்டியில் பால் பல் 28. சுமார் ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் 42 முளைத்துவிடும். நமக்கு 32தானே! இந்த 42-ல் மேல்வரிசையில் இரு புறமும் உள்ள பெரிய கடைவாய்ப்பற்கள்தாம் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிறவை. மூன்று வேர் உள்ள பற்கள். எலும்பைக் கடித்து உடைக்கிறபோது அடி விழுவதும் இவற்றின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பை அன்போடு போடுகிறோம்; பல்லின் பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்து விடுகிறது. நமக்குத் தெரிவதில்லை.

வெள்ளச்சிக்கு நேர்ந்ததும் அதுதான். சில்லு பெயர்ந்த இடத்தில் நடுவே ஒரு கரும்புள்ளி. பல்லுக்குள் ரத்தமும் நரம்பும் ஓடுகிற ஜீவநாடி அது. அது திறந்துகொண்டால் வாயிலுள்ள கிருமிகள் நேரே வேர் வரைக்கும் இறங்கிவிடும். சில நாய்களுக்குக் கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கிச் சீழ் வடியும். நாம் மஞ்சள் அரைத்துப் போடுவோம், மருந்து மாத்திரை கொடுப்போம், அடங்கும். கொஞ்ச நாளில் மறுபடியும் வரும். வியாதி கன்னத்தில் இல்லை, கடைவாய்ப்பல்லின் வேரில் இருக்கிறது!

உள்ளே திறந்துகொண்ட நிலைப்பல்லுக்கு வழி இரண்டே. ஒன்று, வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கனால் சிகிச்சை. மற்றொன்று, பல்லை எடுத்துவிடுவது. உடைந்து 48 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால், சின்ன வயசு நாய்க்குப் பல்லை உயிரோடு காப்பாற்றவும் சில சமயம் முடியும். "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது மட்டும் வழியே அல்ல.

அப்படியானால் வாயில் கண்டதையெல்லாம் பிடுங்க வேண்டுமா? வேண்டாம், வேண்டாம்! வெள்ளச்சியின் முன்பற்களைப் பாருங்கள். கல்லையும் சங்கிலியையும் கடித்துத் தேய்ந்தவை. மெல்ல மெல்லத் தேய்கிற பல் தனக்குத் தானே உள்ளிருந்து பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சுத்தான் பழுப்புப் பொட்டு. டாக்டர் ஊசி போன்ற ஒரு கருவியால் அந்தப் பொட்டைத் தடவிப் பார்க்கிறார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் கவலை இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே விடலாம். ஊசி உள்ளே இறங்கினால்தான் ஆபத்து. வெள்ளச்சிக்கு இறங்கவில்லை.

காணாமற்போன சின்னப் பல்லின் சங்கதி வேறு. பிறவியிலேயே முளைக்காத பல்லாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் முளைக்க வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே படுத்திருந்தால், அதைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாகித் தாடை எலும்பையே தின்றுவிடக்கூடும். இரண்டில் எது? வெளியிலிருந்து பார்த்து எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே ஒன்றுதான் சொல்லும்.

ஆக, ஒரே வாயில் மூன்று குறைகள். மூன்றுக்கும் மூன்று விதத் தீர்ப்பு. ஒன்றுக்குச் சிகிச்சை, ஒன்றுக்குக் கவனிப்பு, ஒன்றுக்கு எக்ஸ்ரே சொல்லும் வரையில் பொறுமை. இப்படித் தற்செயலாக அகப்படுகிற எந்தப் பல் குறைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இப்போது வலியோ சீழோ இருக்கிறதா? சும்மா விட்டால் வளருமா? எக்ஸ்ரே என்ன சொல்லுகிறது?

எக்ஸ்ரேக்கு ஏன் இத்தனை பிரமாதம் என்கிறீர்களா? அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கால்நடைக் கல்லூரிக்கு வந்த 226 நாய்களுக்கு வாய் முழுவதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத பற்களை எடுத்த படங்களில் கூட, சுமார் 28 சதவிகித நாய்களுக்குச் சிகிச்சைக்கு வேண்டிய முக்கியமான தகவல் கிடைத்ததாம்! 2001-ல் வந்த மற்றொரு ஆராய்ச்சியில், உடையாமல் நிறம் மட்டும் மாறிப்போன 64 பற்களைச் சோதித்தார்கள். அவற்றில் 92 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே பாதியோ முழுதுமோ செத்துப்போயிருந்தன. ஆகவே, ஒரு பல் மட்டும் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறியிருந்தால், "கறை பிடித்திருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

பொமரேனியன் போன்ற குள்ள ஜாதி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு மாதம் ஆகியும் பால் கோரைப்பல் விழாமல், புதுக் கோரைப்பல்லோடு ஜோடியாக நிற்கிறதா? "அழகாக இருக்கிறதே" என்று ரசிக்க வேண்டாம். புதுப் பல்லைக் கோணலாகத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவில் சோறு சிக்கி ஈறு கெடும். பால் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. ஈறிலோ நாக்கிலோ கட்டி தென்பட்டால் அதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. ஈறு கறுப்பாக இருப்பது மட்டும் நம் ஊர் நாய்களுக்கு இயற்கை. அதற்காகக் கலங்க வேண்டாம்.

பல் காரையைப் பற்றியும் கேட்பீர்கள். மயக்க மருந்து இல்லாமலே காரையைச் சுரண்டிவிடுகிறேன் என்று சிலர் முன்வரலாம். பார்வைக்குப் பல் வெளுத்துவிடும். ஈறுக்கு அடியிலுள்ள காரையும் சீழும் அங்கேயே இருக்கும். உலகச் சிறு பிராணி வைத்தியர் சங்கம் 2020-ல் பிரசுரித்த பல் வைத்திய வழிமுறைகள் இதைக் கூடாது என்றே சொல்லுகின்றன. "வயசாகிவிட்டதே, மயக்க மருந்து தாங்குமா?" என்ற பயம் நியாயமானது. ஆனால் வயசு ஒரு வியாதி அல்ல. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, இருதயத்தையும் பார்த்து, தாங்குமா என்று டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

வெள்ளச்சிக்கு வருவோம். அன்று அவளுடைய பல்லில் யாரும் கை வைக்கவில்லை. வீட்டார் ஒரு முடிவுக்கு வரவில்லை. அங்கே பல்லுக்கான சின்ன எக்ஸ்ரேயும் இல்லை. டாக்டரம்மாள் எடுத்துக்கொண்ட ஆபரேஷனை மட்டும் முடித்து, வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். சில வாரங்கள் கழித்து, எக்ஸ்ரே வசதி உள்ள இடத்தில் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். காணாமற்போன சின்னப் பல், பிறவியிலேயே இல்லை, நிம்மதி. பிளந்த பல்லின் வேரைச் சுற்றியோ எலும்பு கரைந்திருந்தது. பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேராக எடுத்து, ஈறைத் தைத்துவிட்டார்கள்.

ஒரே மயக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இரண்டு மயக்கம், இரண்டு அலைச்சல், இரண்டு செலவு! ஆகையால் சகோதரிகளே, எந்த ஆபரேஷனுக்கு நாயைக் கொண்டுபோனாலும் முதல் நாளே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: "வாயையும் ஒரு முறை பாருங்கள். ஏதாவது அகப்பட்டால் இங்கேயே எக்ஸ்ரே எடுக்க முடியுமா? எதுவரைக்கும் செய்யலாம், எதற்கு எங்களைக் கேட்க வேண்டும், எத்தனை ஆகும்?" நாய் மேஜை மேல் மயங்கிக் கிடக்கும்போது, டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு குடும்ப மகாநாடு கூட்டுவது நல்ல முடிவுக்கு ஏற்ற சமயம் அல்ல.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் டெல்டாவாசிகள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால், 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கு வேப்பேரிக்குப் போக வேண்டும். அல்லது 1985-ல் ஏற்பட்ட நாமக்கல் கல்லூரிக்கு. 2012-ல் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் சத்திரம் கட்டிய ஊர். எந்த ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாலும், பல் எக்ஸ்ரே உண்டா என்று முதலில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு நாயை மடியருகே உட்கார வைத்து, உதட்டை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. கெட்ட வாடை, ஒரு பக்கத்தில் மட்டும் கனத்த காரை, உடைந்த முனை, நிறம் மாறிய பல் — இவை போதும். இது வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட, பழகின சொந்த நாய்க்கு மட்டுமே. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கிற நாயின் வாயில், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து ஒருநாளும் கை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தோன்றும்.

தினம் துலக்க விரும்பினால் மெல்லிய பிரஷ்ஷும் நாய்க்கென்று விற்கிற பேஸ்டும் போதும். நம்முடைய பேஸ்ட் வேண்டாம். அதை நாய்க்குத் துப்பத் தெரியாது. சிலவற்றில் சேர்க்கிற சைலிட்டால் என்கிற இனிப்பு நாய்க்கு விஷம். கடிக்கக் கொடுக்கிற பண்டம் எதுவானாலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் பல்லுக்கு ஆகாது.

தையல் ஆறி ஒரு மாதம் கழித்துத் தெற்கு வீதிக்குப் போயிருந்தேன். பாட்டிதான் வெள்ளச்சிக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அது இவள் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா" என்றாள். "இப்போது பார், நேராகச் சாப்பிடுகிறாள். பாவி, ஒரு வார்த்தை சொன்னாளா?"

சொல்ல மாட்டாள். நாம்தான் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.