வாசமும் வரியும்

பிரிட்டிஷ் சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி முதல் தமது வரிச் சட்டத்தில் ஒரு பெரிய மாறுதலை அமுலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தனவந்தர்களுக்குக் கோட்டையாய் நின்ற ஒரு சலுகை அன்றோடு ஒழிந்தது. அதன் வேர் சாம்ராஜ்யத்தில் ஊன்றியிருந்தபடியால், நமது தேசாபிமானிகள் இதன் விவரத்தை அறிந்துகொள்வது அவசியம்.

1799-இல் பிரெஞ்சு யுத்தச் செலவுக்காகப் பிட் என்னும் பிரதம மந்திரி வருமான வரியை விதித்தார். கடல் கடந்த ஆஸ்திகளின் வருமானத்துக்கோ, அது பிரிட்டனுக்குள் கொண்டுவரப்பட்டால் மட்டுமே வரி என்று அப்பொழுதே விதி செய்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் கரும்பு விளைவித்த துரைமார் லாபத்தை வெளியிலேயே வைத்திருக்கும் வரையில் வரிக்காரன் அவர்களை அணுக இயலாது. 1914-இல் லாயிட் ஜார்ஜ் இதைச் சுருக்கினார். ஆயினும் பிரிட்டனில் டொமிசைல் இல்லாதவர்களுக்கு விட்டுவைத்தார்.

டொமிசைல் என்பது வெறும் வாசமன்று. ஒருவன் நிரந்தரமாகத் தங்க எண்ணும் தேசமே சட்டத்தின் கண்ணில் அவனது டொமிசைல். பிறப்பில் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து வருவது, எளிதில் நீங்காது. லண்டனில் மாளிகை வாங்கி வருஷக்கணக்காக வாழ்பவனும், "என் தேசம் வேறு, என்றேனும் திரும்புவேன்" என்று சொல்லலாம். மனத்திலுள்ள எண்ணத்துக்கு யார் சாட்சி? வக்கீல்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல விளைநிலம் கிடையாது! 2008-இல் 30,000 பவுன் வருஷக் கட்டணம் வைத்தார்கள். 2017-இல், 20 வருஷங்களில் 15 வருஷம் வசித்தவனுக்குச் சலுகையில்லை என்றார்கள். 2022-இல், அப்பொழுது நிதி மந்திரியாயிருந்த ரிஷி சுனக்கின் மனைவியார் அக்ஷதா மூர்த்தி இச்சலுகையைப் பெற்றிருந்தது வெளியாகிக் கண்டனம் எழவே, உலக வருமானம் முழுவதுக்கும் அங்கே வரி செலுத்துவதாக அவர் அறிவித்தார். அவர் சட்டத்தை மீறவில்லை, சட்டமே கோணலாயிருந்தது.

இனி எண்ணத்தை விட்டு, வசித்த வருஷங்களையே எண்ணுவார்கள். பத்து வருஷம் வெளியே வாசம் செய்துவிட்டு வருபவனுக்கு முதல் 4 வருஷம் அந்நிய வருமானத்துக்கு வரியில்லை. பிறகு உலக வருமானம் முழுவதுக்கும் உண்டு. கடந்த 20 வருஷங்களில் 10 வருஷம் வசித்தவன் இறந்தால், அவனது உலகச் சொத்துக்கெல்லாம் மரண வரி உண்டு; 3,25,000 பவுனுக்கு மேற்பட்டதற்குப் பொதுவாக நூற்றுக்கு 40. தனவந்தர் ஓடிவிடுவார்கள் என்று அங்கே புலம்புகிறார்கள். சிலர் ஓடக்கூடும். அதற்காகக் குமாஸ்தாவிடம் முழு வரியும் கோடீஸ்வரனிடம் அவன் இஷ்டப்பட்ட வரியும் வாங்குவது எந்த நியாயம்?

நம்மவர் நிலைமை விசித்திரமானது. 1956-ஆம் வருஷத்து இந்திய-பிரிட்டிஷ் உடன்படிக்கைப்படி, இந்தியாவில் டொமிசைல் உள்ளவன் இறந்தால், பிரிட்டனுக்கு வெளியேயுள்ள அவன் சொத்தைப் பிரிட்டிஷ் மரண வரி பொதுவாகத் தீண்டாது. ஒரே சொத்துக்கு இரண்டு வரி கூடாதென்பதே அதன் நோக்கம். ஆனால் 1985-இல் இந்தியா தன் எஸ்டேட் வரியையே எடுத்துவிட்டது, உடன்படிக்கையோ ரத்தாகவில்லை. இரட்டை வரியைத் தடுக்கப் பிறந்த சாசனம் ஒரு வரியும் இல்லாமல் செய்கிறது! 2020-இல், எந்தத் தேசத்திலும் வரிக்கு உட்படாத இந்தியப் பிரஜையின் இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் அவனை இங்கே வசிப்பவனாகக் கருத நமது பார்லிமெண்டு சட்டம் செய்தது. அப்பொழுதும், இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் லாபம் நீங்கலாக, அவனது அந்நிய வருமானத்தை அது தொடவில்லை. 1956-ஆம் வருஷத்து உடன்படிக்கையை இந்திய சர்க்கார் தாமே திருத்த முன்வருவார்களா, அன்றி லண்டன் கேட்கட்டுமென்று காத்திருப்பார்களா என்று நமது அங்கத்தினர்கள் சபையில் கேட்க வேண்டும்.