பெடல் போர்டு கேபிள்: பின்னைப் பார்த்து வாங்குவோம்

இசைக்கருவி விற்கும் நம் உறுப்பினர்கள் பலரும் கிட்டார் கேபிளைத் துணைச் சரக்காகவே நினைக்கிறோம். கிட்டாரை விலை பேசி முடித்த பிறகு, பில்லில் கடைசி வரியாக அது ஏறுகிறது. ஆனால் கச்சேரி நடுவில் ஒலி நின்றால் வாடிக்கையாளர் முதலில் திட்டுவது கேபிள் விற்ற கடையைத்தான்.

டிஸ்டார்ஷன், டிலே போன்ற சிறு பெட்டிகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, காலால் அழுத்தி இயக்குவதே பெடல் போர்டு. ஐந்து பெடல் என்றால் இடையில் நான்கு சிறு கேபிள், கிட்டாருக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. ஆக ஆறு கேபிள், பன்னிரண்டு பின். ஒரு பின்னில் சால்டரிங் விட்டாலும் மொத்தப் போர்டும் ஊமைதான்!

ஆகவே கொள்முதலின்போது வயரின் பளபளப்பைப் பார்க்காமல், பின்னின் மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். நம் கடைவீதியில் பி-38 என்று கேட்டு வாங்கும் 6.35 மி.மீ. மோனோ பின்தான் இது. உள்ளே வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுப்பு முழுவதும் சால்டரிங் மேல் விழும். மோல்டிங் செய்த பின் விலை மலிவு. பழுதானால் வெட்டி எறிய வேண்டியதுதான். பெடல்களுக்கு நடுவே 15 செ.மீ. அளவில், தட்டையான வளைவுப் பின் உள்ளவை இடத்தை மிச்சப்படுத்தும்.

நீளத்தையும் கேட்டு விற்க வேண்டும். ஷீல்டு வயர் ஒரு கண்டென்சர் போல வேலை செய்கிறது. மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட். நீளம் கூடக் கூட, சாதாரண பிக்கப் உள்ள கிட்டாரின் கூர்மையான ஒலி மங்கும். பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் பலவற்றில் உள்ளதுபோல் வரிசையில் பஃபர் இருந்தால், அதற்குப் பிறகு வரும் நீளம் அவ்வளவாகப் பாதிக்காது. தங்க முலாம் பூசிய பின் எளிதில் கறுக்காது, கடலோர ஊர்களுக்கு நல்லது. ஆனால் அதனால் இசை இனிக்கும் என்று சொல்லி விற்பது நமக்கு அழகல்ல.

ஸ்பீக்கர் கேபிளுக்கும் அதே பின்தான். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதில் ஷீல்டு இல்லை, கிட்டாரில் மாட்டினால் இரைச்சல் வரும். மாறாக, கிட்டார் கேபிளை ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே மாட்டினால் மெல்லிய வயர் சூடேறும். வால்வு ஆம்ப்ளிஃபயரே பழுதாகலாம். இரண்டையும் ஒரே கொக்கியில் தொங்கவிடாதீர்கள்.

இரைச்சல் என்று ஒருவர் வந்தால் உடனே கேபிளை மாற்றித் தரவும் வேண்டாம். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து 9 வோல்ட் பிரித்துக் கொடுத்தாலும் இரைச்சல் வரும்.

கடையில் ஒரு மல்டிமீட்டர் போதும். முனைக்கு முனை, உடலுக்கு உடல் தொடர்பு காட்ட வேண்டும். முனைக்கும் உடலுக்கும் காட்டக் கூடாது. பின் அருகே வயரை ஆட்டியபடியே சோதித்து, வாடிக்கையாளர் பார்க்கக் கையில் கொடுங்கள்.