நொதியை அளக்கும் ஒளி

காரைக்கால் தலத்தெருவில் ஒருவர் காலையில் லேபில் ரத்தம் கொடுக்கிறார். மாலையில் கைக்கு வரும் தாளில் எல்.டி.எச்., ஏ.எல்.பி. என்று இரண்டு வரிகள். இரண்டுமே நொதிகள், இரண்டையும் அளந்தது ஒளி.

ஏ.எல்.பி. எலும்பிலும் கல்லீரலிலும் நிறைய உண்டு. பாஸ்பேட்டை வெட்டி எடுப்பது அதன் வேலை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு நிறமில்லாத ஒரு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். நொதி அதை வெட்ட வெட்டக் கரைசல் மஞ்சளாகும். 405 நானோமீட்டர் ஒளியை ஊடே செலுத்தி, மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கருவி கணக்கிடும்.

எல்.டி.எச். கதை இன்னும் சுவையானது. போதிய ஆக்சிஜன் இருந்தும் புற்றுத்திசு சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதை 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டார். அந்த அமிலத்தைக் கையாளும் நொதிதான் எல்.டி.எச். அதை அளக்கும் வழியும் அவரிடமிருந்தே வந்தது. என்.ஏ.டி.எச். என்ற துணைநொதி 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கும், அதன் மறுவடிவமான என்.ஏ.டி. விழுங்காது என்பதை 1930களில் அவரது ஆய்வகம் காட்டியது. நொதி வேலை செய்யும்போது ஒன்று மற்றொன்றாக மாறும். அந்த மாற்றத்தின் வேகமே நொதியின் அளவு. இன்றைய லேபின் செமி ஆட்டோ அனலைசர் கருவியிலும் அதே 340தான்.

விரைப் புற்றுநோயின் நிலையைக் கணிக்க எல்.டி.எச். உதவுகிறது. புற்று எலும்புக்குப் பரவினால் ஏ.எல்.பி. ஏறலாம். ஆனால் கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் அது இயல்பாகவே அதிகம். ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்தால் எல்.டி.எச். பொய்யாக எகிறும். எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்ற எழுத்தைக் கண்டதும் தூக்கம் தொலைக்கும் குடும்பங்கள் எத்தனை! இயல்பைவிட அதிகம் என்பதற்கு மேல் அந்த எழுத்துக்குப் பொருளில்லை. புற்றுநோயை உறுதிசெய்வது பயாப்ஸி; தலத்தெருக்காரர்கள் அதற்கு நாடக்கூடிய மண்டலப் புற்றுநோய் மையம் புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது.

ரத்தத்தில் ஏறிய எண், கட்டி எங்கே என்று காட்டாது. அதைக் காட்ட, கட்டியின் நொதிகளைக் கொண்டே கட்டியை ஒளிரவைக்கும் முயற்சியும் உண்டு. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் அனுமதி பெற்ற லூமிசைட் அப்படிப்பட்ட மருந்து. மார்பகக் கட்டியை அகற்றும் அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். கட்டியில் மிகுந்திருக்கும் கதெப்சின் போன்ற நொதிகள் வெட்டிய பிறகே அது ஒளிரும். சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் கண்காணிப்பு கட்டாயம். கட்டியை எடுத்தபின் அந்தக் குழிக்குள் கையடக்கக் கருவியை வைத்து, மிச்சம் உண்டா என்று அறுவை மருத்துவர் பார்க்கிறார். விளிம்பில் புற்று தங்கியதைச் சில நாள் கழித்து திசுப் பரிசோதனை சொன்னால், நோயாளி மறுபடியும் அறுவை மேசைக்குப் போக வேண்டிவரும். குழியிலேயே தெரிந்துவிட்டால் அப்போதே எடுத்துவிடலாம்.