கரிமண்ணில் விழித்த அமிலம்: குட்டநாட்டின் நிலமும் நுண்ணுயிர்களும்

கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நடைபெறும் நெல் வேளாண்மையை, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. காயலை வயலாக்கிய நிலவுடைமையாளர்களின் பெயர்கள் இன்றும் புகழப்படுகின்றன. மூழ்கிச் சேறு அள்ளிக் கரை எழுப்பியவர்களும், சக்கரம் மிதித்து நீர் இறைத்தவர்களும் பெரும்பாலும் புலையர், பறையர் சமூகத்தினர். இந்த அநீதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் கரைகளுக்குள் மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை அதிகம் பேசியதில்லை. அதுவும் நில உரிமை சார்ந்த கேள்விதான்.

கடல்நீரில் சல்பேட் மிகுதி. அலையாத்தி மரங்களின் வேரும் இலையும் மட்கும் சேற்றிலோ ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டைப் பயன்படுத்தி மட்கைச் சிதைக்கின்றன. உப்பங்கழிச் சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம், அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. அது சேற்றிலுள்ள இரும்புடன் சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாகப் படிகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட்டால் தீங்கில்லை.

கரை கட்டி நீரை வடித்ததும் மண்ணுக்குள் காற்று புகுகிறது. பைரைட்டிலிருந்து கந்தக அமிலம் பிறக்கிறது. முதலில் இது மெதுவாகவே நிகழும். மண்ணின் பிஎச் அளவு 4க்குக் கீழே இறங்கியதும், அமிலத்தில் செழிக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி அதைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. அலுமினியம் கரைந்து வேரைக் கருக்குகிறது. மணிச்சத்து மண்ணோடு பிணைந்து பயிருக்கு எட்டாமல் போகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒடுங்குகின்றன. இவை போதாவென்று, நீர் வடிந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று கரியமில வாயுவாக்க, நிலமே சிறிது சிறிதாகத் தாழ்கிறது.

குட்டநாட்டில் இத்தகைய மண்ணுக்குக் கரிமண் என்று பெயர். வைக்கம், புறக்காடு முதலிய பகுதிகளில் சுமார் 9,000 ஹெக்டேர் அளவுக்குப் பரவியுள்ளது. அங்கே வயலில் நீரைத் தேக்கி வடித்து அமிலத்தைக் கழுவுகின்றனர், சுண்ணாம்பும் இடுகின்றனர். தேங்கிய நீரில் ஆக்சிஜனின்றி வாழும் நுண்ணுயிர்கள் மீண்டும் செயல்பட்டு அமிலத்தைத் தணிக்கும். அறிவுள்ள உத்திதான். ஆனால் கழுவிய நீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் கரையில் வாழ்பவர் யார்? 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகையாளருக்கு வயலைத் தந்தது. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை மனை மட்டுமே தந்தது. சுண்ணாம்பு மானியம் வயல் உடையவருக்கு உரியது. கரையில் வாழ்பவர் குளிக்கும் நீரின் அமிலம் எவர் கணக்கிலும் சேர்வதில்லை.

பின்னர் உச்சவரம்புக்கு மேற்பட்ட சித்திரை, மார்த்தாண்டம், ராணி காயல் நிலங்களை அரசு எடுத்துத் தொழிலாளர்களுக்குச் சிறு துண்டுகளாகப் பகிர்ந்தளித்தது. காயல் மண் கரிமண் அளவுக்குப் புளித்ததன்று. அங்கே நீர்தான் சிக்கல். இடைவிடாது இறைக்காவிட்டால் வயல் மூழ்கிவிடும். அரை ஏக்கர் பட்டாவை வைத்திருப்பவர் அந்தச் செலவை எவ்வாறு தாங்குவார்? அந்நிலங்களில் பெரும்பகுதி பல்லாண்டுகள் தரிசாகக் கிடந்தது. நிலம் கொடுத்தும் பயிர் செய்யவில்லை என்று பழிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மனையாக்குவதைத் தடுக்கும் நோக்கம் கொண்டது. ஈரநிலம் வயலானபோதே மண்ணில் சேர்ந்த கேட்டுக்கு அதில் பரிகாரம் தேட இயலாது. ஆகவே கடலோரத்தில் மீட்டெடுத்த நிலத்தை நிலமற்றோருக்குக் கேட்டு மனு எழுதும் தோழர்கள், பட்டாவோடு மூன்றையும் சேர்த்தே கோர வேண்டும்: கூட்டாக நீர் இறைப்பதற்கான அரசுப் பொறுப்பு, குடியிருப்புக்குத் தூய குடிநீர், பயிரிடும் முன் மண் ஆய்வு. மேல்மண்ணை மட்டும் சோதித்த அறிக்கையை ஏற்காதீர்கள். பைரைட் பெரும்பாலும் கீழடுக்கில்தான் இருக்கும்.