ஆறாம் கன்னிக்கு ஓர் இடம்

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் மைசீனியின் பொன் முகமூடியையும், நாணய அருங்காட்சியகத்தில் ஆந்தை பொறித்த பண்டை வெள்ளிக்காசுகளையும் கண்டு வியந்தோம். ஆயினும் எங்களை நெடுநேரம் நிற்கவைத்தது, 2009-இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் ஒரு வெற்றிடமே.

எரெக்தியோன் கோயில் மண்டபத்தைத் தலையில் தாங்கிய கன்னியர் சிலைகள் ஆறு. ஐந்து இங்கே உள்ளன. ஒன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளுக்குரிய இடத்தை நிரப்பாமல் காத்து வருகின்றனர்.

மேல்தளத்தில், பார்த்தினன் கோயிலின் 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டை, அக்கோயிலில் அமைந்திருந்த வரிசையிலேயே நாற்புறமும் சுற்றி வருகிறது. பழுப்பேறியவை மூலப் பளிங்கு. வெண்மையானவை சாந்துப் படிகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்துச் சென்றவற்றுக்கு ஈடாகவே படிகளுள் பெரும்பாலானவை நிற்கின்றன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், குன்றின்மேல் கோயிலே காட்சி தருகிறது.

2022-இல் பலெர்மோவிலிருந்தும் 2023-இல் வத்திக்கானிலிருந்தும் பார்த்தினன் சிற்பத் துண்டுகள் சில தாயகம் திரும்பின. லண்டனில் உள்ளவை குறித்த கோரிக்கை தொடர்கிறது.

ஏதென்ஸ் செல்லும் வாசகர்கள் இம்மேல்தளத்திற்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்குதல் நன்று. மூலத்தையும் படியையும் நிறத்தால் பிரித்தறிந்தபடி நடந்தால், இழப்பின் அளவு தானே விளங்கும்.