எந்தக் காட்சி உண்மையில் அச்சமூட்டுகிறது?

பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே வீட்டில் மூன்று கருத்துகள் எழும். திரையில் ஓர் உருவம் திடீரெனப் பாய்ந்து வரும் காட்சியே அச்சத்தின் உச்சம் என்பார் ஒருவர். எதுவுமே தோன்றாமல் கதவு மட்டும் மெல்லத் திறக்கும் காட்சிதான் உறக்கத்தைக் கெடுத்தது என்பார் மற்றொருவர். பேயைக் கண்டு சிரித்த மூன்றாமவரோ, இரத்தம் பீறிடும் காட்சியில் கண்களை இறுக மூடிக்கொண்டிருப்பார். இவர்களுள் யார் கூறுவது சரி?

மருத்துவ நோக்கில் மூவர் கூறுவதும் சரியே. 'அச்சம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் உடலில் நிகழ்வது ஒன்றன்று, பல. ஒவ்வொன்றுக்கும் நரம்பு வழிகள் வேறு, அறிகுறிகள் வேறு, தணிக்கும் முறையும் வேறு. மருத்துவமனையில் நோயாளிகளும் குடும்பத்தினரும் எதிர்கொள்ளும் அச்சங்களும் பெரும்பாலும் இவ்வகைகளுக்குள் அடங்குவதால், இவ்வேறுபாட்டைச் சில திரைக்காட்சிகளின் துணைகொண்டு விளக்க விரும்புகிறோம்.

திடுக்கிடல்

1942ஆம் ஆண்டு வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடந்து செல்கிறாள். பின்னால் யாரோ தொடர்வதாக அவளுக்குத் தோன்றுகிறது. அமைதி நீள்கிறது. திடீரெனச் சீற்றம் போன்ற ஓர் ஒலி கேட்கிறது. வந்து நின்றது வெறும் பேருந்துதான். ஆயினும் அரங்கில் இருந்தவர்கள் துள்ளினர். இன்றைய பேய்ப்படங்களில் நாம் காணும் திடுக்கிடும் காட்சிகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி எனக் கருதப்படுகிறது.

இங்கே இயங்குவது மூளைத்தண்டில் அமைந்துள்ள திடுக்கிடும் அனிச்சைச் செயல். உரத்த ஒலி காதை அடைந்து வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமைகள் மூடிவிடும். கழுத்தும் தோள்களும் குறுகும். 'அது பேருந்துதான்' என்று சிந்திக்கும் பகுதிக்குச் செய்தி எட்டுவதற்கு முன்பே உடல் செயல்பட்டுவிடுகிறது. ஆகையால் திடுக்கிடுபவர் கோழையல்லர். அவருடைய நரம்பு மண்டலம் சீராக இயங்குகிறது என்பதே பொருள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் எழுப்பும் எச்சரிக்கை ஒலி கேட்டு உறவினர்கள் பதறுவதும் இவ்வகையே. அவ்வொலிகளில் பல, விரலில் மாட்டிய உணரி நழுவுவது போன்ற எளிய காரணங்களால் எழுபவை. ஒலியின் பொருளைச் செவிலியரிடம் ஒருமுறை கேட்டறிந்துகொண்டால் அடுத்த முறை பதற்றம் குறையும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. தொலைபேசி மணி, கடிகார மணி போன்ற திடீர் ஒலி கேட்டு ஒருவர் நினைவிழந்து விழுந்தால் அதைப் 'பயந்த சுபாவம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிறவியிலேயே அமையும் சில இதயத்துடிப்புக் கோளாறுகள் இவ்வாறு வெளிப்படக்கூடும். அத்தகையோருக்கும், இளம் வயதில் திடீர் மரணம் நிகழ்ந்த குடும்பத்தினருக்கும் இ.சி.ஜி. பரிசோதனை அவசியம்.

காத்திருப்பின் அச்சம்

1975ஆம் ஆண்டின் 'ஜாஸ்' படத்துக்காக உருவாக்கப்பட்ட இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதடைந்தது. ஆகவே இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவை மிகக் குறைவாகவே காட்டினார். மீண்டும் மீண்டும் ஒலிக்கும் இரண்டு இசைக்குறிப்புகளே அதன் வருகையை உணர்த்தின. காணாத சுறா, கண்ட சுறாவைவிட அதிகம் அஞ்சவைத்தது. தமிழில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'யாவரும் நலம்' படத்திலும் இதே நுட்பத்தைக் காணலாம். புது வீட்டில் குடியேறிய குடும்பம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் வருவதெல்லாம் அவ்வீட்டிலும் நிகழத் தொடங்குகிறது. தொடரில் நாளை என்ன வரும் என்பதே அங்கு அச்சம்.

திடுக்கிடல் கணப்பொழுதில் தோன்றி மறையும். காத்திருப்பின் அச்சமோ நீடிக்கும். நாடித்துடிப்பு உயர்ந்தே இருக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு மந்தமாகும், உறக்கம் விலகும். அறுவை அரங்கின் வெளியே அமர்ந்திருப்பவர்களும், பயாப்சி முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் இதை நன்கு அறிவர். தீய செய்தி உறுதியாகிவிட்ட நாளைவிட அதற்கு முந்தைய வாரமே கொடியதாக இருந்தது என்று எங்களிடம் கூறிய நோயாளிகள் பலர்.

இதற்கு மருந்து, தெளிவான தகவல். எந்தச் சிகிச்சைக்கு முன்பும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எவ்வளவு நேரம் ஆகும்? அப்போது எனக்கு என்ன தெரியும், எங்கே வலிக்கும்? தாமதமானால் யார் வந்து சொல்வார்கள்? முடிவு எந்த நாளில் கிடைக்கும்? இக்கேள்விகளுக்கு விடையளிப்பது எங்கள் கடமை. 'பயப்படாதீர்கள்' என்னும் சொல்லைவிட, 'மூன்று மணிக்கு மருத்துவர் வந்து பேசுவார்' என்னும் சொல் அதிகம் ஆறுதல் தரும்.

இரத்தமும் ஊசியும்

1973ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'எக்ஸார்சிஸ்ட்' படம் ஓடிய அரங்குகளில் சிலர் மயங்கி விழுந்தது செய்தியாயிற்று. சுழலும் தலையும் பேயின் குரலும் புகழ்பெற்றவை. ஆனால் பார்வையாளர் பலரால் தாங்க முடியாமற்போனது, மருத்துவமனையில் நிகழும் ஒரு பரிசோதனைக் காட்சியே எனக் கூறப்படுவதுண்டு. சிறுமியின் கழுத்துத் தமனியில் ஊசி செலுத்தி மூளை இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் அக்காட்சியில், அத்துறையின் உண்மையான மருத்துவப் பணியாளர்களே நடித்தனர். அதில் பேய் எதுவும் இல்லை. (இன்று இப்பரிசோதனையைப் பெரும்பாலும் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகவே செய்கிறோம்.)

பிற அச்சங்களில் இரத்த அழுத்தம் உயரும். ஆகவே மயக்கம் வருவது அரிது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் காணும்போது மட்டும் சிலருக்கு அழுத்தமும் நாடித்துடிப்பும் முதலில் ஏறி, பின்னர் சட்டென்று வீழ்கின்றன. கண் இருள்கிறது; வியர்க்கிறது; குமட்டுகிறது; நினைவு தப்புகிறது. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்த அச்சம் மிகுதியாக உண்டு. இது குடும்ப வழியாகவும் வருவதுண்டு. மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இத்தகையோருக்குத் தசைகளை இறுக்கும் பயிற்சி நல்ல பலன் தரும். கைகள், கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளை 10 முதல் 15 வினாடிகள் வரை, முகத்தில் வெம்மை பரவும்வரை இறுக்குங்கள். பின்னர் அரை நிமிடம் தளர்த்துங்கள். இவ்வாறு ஐந்து முறை செய்யுங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, 'எனக்கு மயக்கம் வரும்' என்று இரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்; படுக்கவைத்தே எடுப்பார்.

தெரிந்த முகம் மாறும்போது

மலையாளத்தில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தின் கதை, தமிழில் 2005ஆம் ஆண்டு 'சந்திரமுகி'யாக வந்தது. அதில் வெளியே போக வேண்டாம் எனக் கணவன் தடுக்கும்போது கங்காவின் பார்வையும் குரலும் மாறும். அங்கே புது உருவம் எதுவும் நுழைவதில்லை. நன்கு அறிந்த முகமே அந்நியமாவதுதான் அச்சம்.

இக்காட்சியின் உண்மை வடிவத்தை எங்கள் வார்டுகளில் குடும்பத்தினர் காண நேர்கிறது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இரவில் மகளை அடையாளம் தெரியாமல் பார்ப்பார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், குழாய்களைப் பிடுங்குவார், ஒருபோதும் பேசாத சொற்களைப் பேசுவார். 'அப்பாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?' என்று கேட்டு அழுவோர் உண்டு. 'ஏதோ பிடித்துக்கொண்டது' என்று கயிறு கட்ட விரும்புவோரும் உண்டு. 

இது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்ப நிலை. நோய்த்தொற்று, சோடியம் குறைதல், நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள், வலி, சிறுநீர் அடைப்பு, உறக்கமின்மை, குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை இதன் காரணங்களுள் சில. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தோன்றும். பகலில் தெளிந்து இரவில் மிகும். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலோர் தேறுவர். சிலருக்கு முழுத் தெளிவு வர வாரங்கள் ஆகலாம். குழப்பம் எப்போதும் கூச்சலாகவே இராது. வழக்கத்துக்கு மாறாக அமைதியாகி, பேச்சின்றி உறங்கிக்கொண்டே இருப்பதும் இதன் அறிகுறியே.

மாற்றத்தை முதலில் கண்டறியக்கூடியவர் உடனிருக்கும் உறவினரே. 'இவர் இப்படிப் பேசுபவர் அல்லர்' என்ற ஒரு வாக்கியம் எங்களுக்கு மிகப் பெரிய உதவி. நோயாளியிடம் வாதிடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறார் என்பதை மெல்ல எடுத்துச் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவியுங்கள். அந்நேரத்தில் அவர் பேசிய சுடுசொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவை நோயின் சொற்கள்.

திரை காட்ட இயலாத அச்சம்

மூளையின் அடிப்புறத்தில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி இருபுறமும் உள்ளது. ஆபத்தை மதிப்பிடுவதில் அதற்கு முதன்மையான பங்கு உண்டு. அரியதொரு நோயால் இருபுறமும் அப்பகுதியை இழந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியிடம் மருத்துவ ஆய்வாளர்கள் பாம்புகளைக் காட்டினர். பேய்ப்படக் காட்சிகளையும் திரையிட்டனர். அவரிடம் ஆர்வம் இருந்தது, அச்சம் இல்லை. 2011ஆம் ஆண்டு இவ்வாய்வு வெளியானது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த மற்றோர் ஆய்வில், அவரும் அதே பாதிப்புடைய வேறு இருவரும் 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரு முறை உள்ளிழுத்தனர். மூவரும் கடும் பீதிக்குள்ளாயினர். கண்ணும் காதும் கொண்டுவரும் ஆபத்தை மதிப்பிடும் வழி வேறு. மூச்சு முட்டும்போது உடலின் உள்ளிருந்து எழும் அச்சத்தின் வழி வேறு என்பதை இது காட்டிற்று.

ஆகவே 'எது உண்மையான அச்சம்?' என்று எங்களைக் கேட்டால், மூச்சுத்திணறல் என்றே விடை கூறுவோம். நாள்பட்ட நுரையீரல் நோயாளியோ இதயச் செயலிழப்பு உள்ளவரோ நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து 'பயமாக இருக்கிறது' என்றால், அது மனத்தின் பலவீனம் அன்று. 'ஒன்றுமில்லை, படுங்கள்' என்று சொல்லாதீர்கள். உடனே செவிலியரை அழையுங்கள்; வீட்டில் இருந்தால் மூச்சு புதிதாகவோ வழக்கத்தைவிட அதிகமாகவோ திணறும்போது 108-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை முன்பக்கம் சாய்ந்து உட்காரவைத்து, விசிறியின் காற்று முகத்தில் படச் செய்யுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதும்படி உடனமர்ந்து நீங்களும் செய்து காட்டுங்கள்.

பேய்ப்படம் பார்க்கலாமா?

'இரத்தத்தை உறையவைக்கும் காட்சி' என்பது வெறும் வழக்கன்று போலும். நெதர்லாந்தில் 24 இளைஞர்களுக்கு 'இன்சிடியஸ்' என்ற பேய்ப்படத்தையும் வேறொரு நாள் அமைதியான ஓர் ஆவணப்படத்தையும் காட்டி இரத்தத்தைச் சோதித்தனர். பேய்ப்படத்துக்குப் பின் இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் எட்டாம் காரணி உயர்ந்திருந்தது. ஆனால் உறைதல் உண்மையில் தொடங்கியதற்கான அறிகுறி இல்லை. 2015ஆம் ஆண்டு வெளியான இச்சிறு ஆய்வு நலமுள்ள இளையோரைப் பற்றியது. நோய் கட்டுக்குள் இருப்போர் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. அண்மையில் மாரடைப்புக்கு ஆளானவர்களும் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் தம் மருத்துவரைக் கேட்டபின் பார்ப்பது நல்லது.

ஏழெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 'அது வெறும் படம்' என்ற விளக்கம் போதாது. கோரமான தோற்றமே அவர்களுக்கு மெய். அவர்களை அணைத்துக்கொள்வதும், விளக்கை ஏற்றிவைப்பதும், கட்டிலின் அடியில் உடன் குனிந்து பார்ப்பதும் உதவும். வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கம் பலிக்கும். வார்டில் அலைபேசியில் இத்தகைய படங்களைப் பார்ப்பவர்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

திரையில் எழும் அச்சம் விளக்கு எரிந்ததும் தீர்ந்துவிடும். படுக்கையில் எழும் அச்சத்துக்குச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். வலியைச் சொல்வது போலவே அச்சத்தையும் சொல்லுங்கள்: எப்போது வருகிறது, உடலில் எங்கே தெரிகிறது, எதனால் குறைகிறது என்று. காலையில் வார்டு சுற்றிவரும் மருத்துவரிடமோ, இரவுப்பணிச் செவிலியரிடமோ கூறினால் அது உங்கள் கேஸ் ஷீட்டில் பதியப்படும். அதற்கேற்ற உதவியும் செய்யப்படும்.